மனநிலை, கூட்டுவேலை, தன்னியல்பு: எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், தெற்கே கல்முனை, காரைதீவு வரைக்கும் இளைஞர் குழுக்களோடும் மாதர் சங்கங்களோடும் வேலை செய்கிறவள். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் மாலை வகுப்பாக இருக்கட்டும், அரிசிமாப் பொதி செய்கிற பெண்களின் கூட்டமாக இருக்கட்டும், எல்லாம் முடிந்து கதிரை அடுக்குகிற நேரத்தில் யாராவது கிட்ட வந்து மெல்லக் கேட்பார்கள். கேட்கிற ஆள் வேறு, ஊர் வேறு, கேள்வி மட்டும் அதேதான். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் இருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

1. "வெற்றி வெற்றி எண்டு சொல்றீங்க அக்கா. அது காசா, பதவியா, என்னது?"

ஒருவர் தானே தெரிந்தெடுத்த வேலையில் போன வருடத்தைவிட இந்த வருடம் ஒரு படி ஏறியிருக்க வேண்டும். அந்தப் படிக்காகத் தன்னையும் கூட இருக்கிறவர்களையும் ஏமாற்றாமல் இருந்திருக்க வேண்டும். இதைத்தான் நான் வெற்றி என்கிறேன். காசும் இதில் சேரும். கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டுக்குப் போய்க் காசு முக்கியமில்லை என்று பேசுவது அநியாயம்.

2. "மனநிலை எண்டு எல்லாக் கருத்தரங்கிலயும் சொல்றாங்க. எனக்கு ஒண்டுமே விளங்கல்ல."

ஒரு காரியம் பிழைத்தவுடன் மனம் முதலில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இணைந்த கணிதத்தில் முப்பது புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி, "எனக்குக் கணக்கு ஓடாது" என்று தாளை மடித்து வைக்கிறாள். மற்றவள் தாளைத் திருப்பிப் பார்த்து, "வகையீட்டில் வந்த கேள்வி எல்லாத்திலயும் விட்டிருக்கிறன்" என்கிறாள். முதலாமவள் தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டாள். இரண்டாமவளுக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த வித்தியாசத்தைத்தான். திறமை பிறப்போடு அளந்து கொடுத்தது என்று நம்புவது ஒரு வகை. பழக்கத்தாலும் நல்ல முறையாலும் அது வளரும் என்று நம்புவது இன்னொரு வகை.

ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயலில் எந்த நோய் வந்தாலும் அஞ்சாமல் ஒவ்வொரு மருந்தாக முயன்று பார்க்கிற ஒரு தாய், வங்கியில் ஒரு படிவத்தை நீட்டினால் "ஐயோ, எனக்கு இதெல்லாம் வராது" என்று கையைப் பின்னால் இழுப்பார். ஆகவே "எனக்கு எந்த மனநிலை?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் நான் கையை இழுக்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

3. "அப்ப 'என்னால முடியும்' எண்டு நினைச்சாலே எல்லாம் நடந்திருமா?"

நடக்காது. அப்படிச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்களிடம் கவனமாக இருங்கள். 2019இல் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. மூளை பழக்கத்தால் வளரும் என்று ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் இணைய வழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரிப் புள்ளி கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். அதுவும், அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிற சூழல் இருந்த பாடசாலைகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது.

படுவான்கரையின் உள் ஊர் ஒன்றில் இருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு பஸ்ஸை நம்பி வருகிற பிள்ளையிடம், "மனநிலையை மாற்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும். மனநிலை செய்வது ஒன்றுதான்: வாய்ப்பு வருகிற நாளில் கையை இழுக்காமல் இருக்க உதவும். அதுவே பெரிய விஷயம். அதற்கு மேலே அதனிடம் கேட்காதீர்கள்.

4. "பிள்ளையக் கெட்டிக்காரன் எண்டு புகழ்றது பிழையா மிஸ்? எங்கட உம்மா அப்படித்தான் எங்கள வளர்த்தா."

அன்பாகச் சொன்னது எதுவும் பிள்ளையைக் கெடுத்துவிடாது. ஆனால் என்னத்தைப் புகழ்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. 1998இல் கிளோடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களைச் செய்து முடித்தபின் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், வேறு சிலரிடம் "நல்லாய் முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து கடினமான புதிர் வந்து தோற்ற பிறகு, கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தளர்ந்துபோனார்கள். தங்கள் புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள்.

எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மறக்க முடியாதது. கெட்டிக்காரர் என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பிள்ளை பொய் சொல்லத் தொடங்குகிறது. மனநிலையும் உண்மையாக இருப்பதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வருகிற காலத்தில் ஊரில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம் என்று யோசியுங்கள். "எத்தனை புள்ளி?" மட்டும்தான். "எது கஷ்டமாக இருந்தது, அதை எப்படிச் செய்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை.

5. "ரெண்டு தரம் உயர்தரம் எடுத்திட்டன். மூண்டாந்தரமும் எடுக்கிறதா, விடுறதா?"

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆகவே இது கடைசி வாய்ப்பு. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த காலத் தாள் ஒன்றை எடுத்து நேரம் வைத்துச் செய்து, ஆசிரியர் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். புள்ளி எங்கே போகிறது? பாடம் தெரியாமலா, நேரம் போதாமலா, கேள்வியைச் சரியாக வாசிக்காமலா? மூன்றுக்கும் மருந்து வேறு.

போன வருடம் படித்த அதே முறையில், இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டிப் படிக்கப் போகிறேன் என்றால், எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். முறையை மாற்றத் தயார் என்றால் எடுங்கள். எடுக்காமல் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ போகிறவர் தோற்றவர் அல்லர். அவர் வேறு வாசலால் போகிறார்.

6. "பெயில் ஆனதுல இருந்து நித்திரையும் இல்ல, சாப்பாடும் இறங்குதில்ல. என்ட மனநிலைதான் சரியில்லையா?"

இல்லை தம்பி. மேலே நாம் கதைத்த மனநிலை வேறு, இது வேறு. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, எதிலும் விருப்பமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது உடம்புக்கு வருகிற காய்ச்சல் போல வைத்தியம் தேவைப்படுகிற ஒன்று. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஊக்கப் பேச்சுக் கேட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

7. "கூட்டாப் படிச்சா என்ட நோட்ஸ வெச்சு அவள் கூடப் புள்ளி எடுத்திருவாள். என்ட இசட் புள்ளி குறையாதா?"

இந்தப் பயம் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, சொல்லத்தான் வெட்கப்படுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். இசட் புள்ளி என்பது, அந்தப் பாடத்தை இலங்கை முழுவதும் எழுதியவர்களின் சராசரியில் இருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்று பார்க்கிற அளவு. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை உங்கள் மேசையில் இருக்கிற நாலு பேர் அசைக்க முடியாது. அனுமதியும் அப்படித்தான்: பொதுவாக 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டக் கோட்டாவில் போட்டி மாவட்டம் முழுவதோடும். பக்கத்துக் கதிரை அதில் ஒரு ஆள்.

இன்னொரு பக்கம், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? உயிரியலில் அனுசேபத்தை ஒருத்திக்கு விளங்கப்படுத்தும்போதுதான் தனக்கு எந்தப் படி விளங்கவில்லை என்று தெரியும். கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். நின்று போகிற இடம்தான் நீங்கள் இன்றிரவு படிக்க வேண்டிய இடம்.

8. "கூட்டு வேலை எண்டாலே ஒத்தர் உழைப்பார், மத்தவர் நிண்டு பாத்துத் திம்பார். இது உண்மைதானே?"

பாதி உண்மை. இதை ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். பிரான்சின் விவசாயப் பொறியியலாளர் மக்ஸிமிலியன் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்து 1913இல் எழுதினார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியே இழுக்கிற பலத்தில் ஏறக்குறைய பாதிதான் கயிற்றில் இறங்கியது. இரண்டு காரணம். எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை, அது ஒன்று. மற்றவர்கள் இழுக்கிறார்கள்தானே என்று கை தானாகத் தளர்வது மற்றது. 1974இல் அமெரிக்காவில் இதையே ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்துச் செய்தார்கள். பின்னால் ஒருவருமே இழுக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் பலம் குறைந்தது. அவர் கெட்டவர் இல்லை, மனிதர் அப்படித்தான்.

இப்போது கல்லடிக் கடற்கரைக்கு விடியப் போய்க் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள். அம்பா என்கிற வலை இழுக்கும் பாட்டைப் பாடுகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற அந்தச் சொல்லில் எல்லாக் காலும் மணலில் ஒன்றாக ஊன்றுகிறது, எல்லா முதுகும் ஒன்றாகச் சாய்கிறது. ரிங்கெல்மான் கண்ட முதல் குறையை எங்கள் ஆட்கள் பாட்டால் தீர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது குறைக்கும் அங்கே மருந்து உண்டு. கயிற்றில் நிற்கிற இடம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தளர்ந்த கை கயிற்றிலேயே தெரியும். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வந்ததும் பங்கு அங்கேயே பேசப்படும்.

கூட்டு வேலை கெட்டுப்போகிற இடங்களை நான் பார்த்தவரையில், அங்கே ஆட்கள் மோசமாக இருந்ததில்லை. யார் என்ன செய்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, பங்கு முதலில் பேசப்படாமல் இருந்தது. அவ்வளவுதான்.

9. "யார் எவ்வளவு செஞ்சது எண்டு கேட்டா கோவிக்கிறாங்க அக்கா. கணக்குக் கேக்கிறது நம்பிக்கையில்லாத மாதிரி இல்லையா?"

கணக்கை ஒருவர் கேட்டால்தான் கோபம் வரும். யாரும் கேட்காமல் தானாகத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டால் வராது. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் பொதி செய்கிற ஒரு குழுவில் செய்திருக்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். சுவரில் ஆணியில் நூல் கட்டித் தொங்குகிற ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி. அதன் நூலில் ஒரு பென்சில். பொதியை ஒட்டி முடித்தவர் தானே போய்த் தன் பெயருக்கு நேரே எண்ணிக்கையை எழுதுவார். பொதியின் அடியில் மூலையில் பேனையால் ஒரு எழுத்து: ரா, சு, ப. கடையில் இருந்து "ஒட்டினது விட்டுப்போச்சு" என்று திரும்பி வந்தால், யார் ஒட்டியது என்று சண்டை இல்லை. அந்த எழுத்துக்கு உரியவர் எடுத்துத் திருப்பி ஒட்டுவார். பொதியை ஒட்டுகிற சூட்டு இயந்திரம் பழுதாக இருந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும், ஏனென்றால் அப்போது எல்லா எழுத்தும் திரும்பி வரும்.

காசுக் கணக்கும் அப்படியே. மாதம் ஒரு முறை, ஒருவர் உரக்க வாசிக்க, எழுதத் தெரியாதவர்களும் கேட்க வேண்டும். உறவுக்காரர் சேர்ந்து செய்கிற தொழிலுக்கு இது இரண்டு மடங்கு அவசியம். மச்சாளிடம் கணக்குக் கேட்க முடியாது, கொப்பியிடம் கேட்கலாம்.

10. "எங்கட சங்கத்தில தலைவி மட்டும்தான் கதைப்பா. நாங்க தலையாட்டிட்டு வருவம். அவ கெட்டிக்காரிதான், அதுல என்ன பிழை?"

அவர் கெட்டிக்காரியாக இருப்பது சங்கத்தைக் கெட்டிக்காரச் சங்கம் ஆக்காது. 2010இல் அனிட்டா வூல்லியும் கூட்டாளிகளும் 699 பேரைச் சிறு சிறு குழுக்களாக்கிப் பலவித வேலைகள் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் எவ்வளவு பெரிய அறிவாளி இருக்கிறார் என்பதை வைத்துக் குழுவின் பலனைப் பெரிதாகக் கணிக்க முடியவில்லை. எல்லாரும் ஏறக்குறையச் சமமாகப் பேசிய குழுக்களும், மற்றவரின் முகத்தைப் பார்த்து மனதை அறிகிறவர்கள் இருந்த குழுக்களும்தான் நன்றாகச் செய்தன.

செய்ய வேண்டியது சுலபம். முடிவெடுக்கும் முன்னர் வட்டமாக ஒவ்வொருவரும் இரண்டு வசனம் சொல்ல வேண்டும். வயதில் குறைந்தவர் முதலில், தலைவி கடைசியில். மூத்தவர் முதலில் சொன்னால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் வாய் திறப்பார்? நல்ல தலைவிகள் இந்த முறையைக் கேட்டதும் சந்தோஷப்படுகிறார்கள். தனியே சுமந்த பாரம் குறைகிறது.

11. "பிழைய ஒத்துக்கிட்டா பேச்சு விழும். சொல்லாம மறைச்சா என்ன நட்டம்?"

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் தாதியர் குழுக்களைப் பார்த்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற நல்ல குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் கூடுதலாக இருந்தன! பிறகுதான் விளங்கியது: நல்ல குழுக்கள் பிழையை வெளியே சொல்கின்றன, பயந்த குழுக்கள் மறைக்கின்றன. மறைத்த பிழை திரும்பவும் நடக்கும், ஏனென்றால் அதைத் திருத்த யாருக்கும் வழியில்லை.

எங்கள் கூத்துக்காரர்களிடம் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆட்களுக்குச் சட்டம், அதாவது அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடு, கொடுத்து, மாதக் கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகு முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கிற அடுக்குப் பார்த்து, கடைசியில்தான் அரங்கேற்றம். பழகுகிற களரியில் தாளம் தவறினால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி அந்த இடத்திலேயே சொல்வார். பெரிய ஆள், சின்ன ஆள் என்று பார்ப்பதில்லை. அரங்கேற்றத்தன்று ஊர் முன்னால் தவறாமல் இருக்கத்தான் அத்தனை நாளும் உள்ளே தவறிப் பார்க்கிறார்கள். உங்கள் குழுவிலும் பிழை சொல்வதற்கென்று ஒரு நேரம் வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, தேத்தண்ணியோடு. அந்த நேரத்தில் சொன்ன பிழைக்கு யாரும் பேசக்கூடாது என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள்.

12. "கூட்டா வேலை செய்யிறதெல்லாம் வேற நாட்டுக்குச் சரி. எங்கட பக்கம் ஊருக்கு ஊர் பகை, இனத்துக்கு இனம் சந்தேகம். இஞ்ச சரிவருமா?"

அம்பாறை மாவட்டத்திலேயே சரிவந்திருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால் ஒரு காலத்தில் நாட்டிலேயே மிக மோசமாகச் சீர்கெட்ட நீர்ப்பாசனம் என்று பெயர் வாங்கியது. மேல்மடையில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயிகள். மேலே நீர் வழிய, கீழே வயல் வெடித்தது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை ஒழுங்கமைப்பாளர்களாக அங்கே குடியிருக்க அனுப்பின. அவர்கள் முதலில் சங்கம் பதியவில்லை. வீடு வீடாகப் போய், ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கிற பத்து இருபது குடும்பங்களை ஒன்றாக இருத்தி, "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டார்கள்.

அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைவு. நீர் குறைந்தால் சண்டை கூடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது மறுபக்கம். சில கிழமைகளுக்குள் விவசாயிகள் பல வருடம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சேர்ந்து துப்புரவாக்கினார்கள், முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் தமிழ் விவசாயிகளின் வயலுக்கும் போனது. இந்த வேலையில் கூட இருந்த பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் இதை விரிவாக எழுதினார், உலகத்தில் பல நாடுகளில் இன்றைக்கும் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிறு குழு, ஒரே வாய்க்கால், கண்ணுக்குத் தெரிகிற பங்கு. கேள்வி 8இல் சொன்ன அதே விஷயம்தான். பகை இல்லாத ஊரைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை தொடங்காது.

13. "நான் நானாக இரிக்கணும் எண்டு சொல்றீங்க. நான் கோவக்காரன். அப்ப கோவமாவே இருக்கலாமா?"

கோபம் உங்கள் பழக்கம். உங்கள் தன்மை அதற்கு அடியில் இருக்கிறது. எதற்குக் கோபம் வருகிறது என்று பாருங்கள். அநியாயம் கண்டால் வருகிறது என்றால், நியாயத்தை விரும்புவதுதான் நீங்கள். அதை விட வேண்டாம், கத்துவதை விடலாம். உண்மையாக இருப்பது என்று நான் சொல்வது, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது, தெரியாததைத் தெரியாது என்பது, பிடிக்காத காரியத்துக்கு முகத்துக்கு நேரே பணிவாக "முடியாது" என்பது. மனதில் பட்டதையெல்லாம் எல்லாரிடமும் கொட்டுவதை இதில் சேர்க்காதீர்கள்.

14. "வாப்பா டொக்டர்தான் எண்டு ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்குப் படம் வரையிறதிலதான் மனசு இரிக்கி. என்ன செய்யிற?"

முதலில், வாப்பா உங்களுக்கு எதிரி இல்லை மகள். அவர் பயப்படுகிறார். சித்திரம் படித்தால் சோறு வருமா என்பதுதான் அவர் கேள்வி, அது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக் கலையிலேயே பட்டம் படிக்கலாம். சித்திர ஆசிரியர் நியமனம், வடிவமைப்பு, அச்சகம், மருதமுனைக் கைத்தறியின் சேலை வடிவமைப்பு என்று வேலைகள் இருக்கின்றன. யாராவது ஒருவரை நேரில் போய்ச் சந்தித்து, மாதம் என்ன வருமானம் என்று கேட்டு எழுதி வாருங்கள். வரைந்தவற்றையும் காட்டுங்கள். வாப்பா இதுவரை அவற்றை ஒழுங்காகப் பார்த்திருக்கவே மாட்டார்.

விபுலாநந்த அடிகளின் பெயர் வந்ததால் சொல்கிறேன். 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர். விஞ்ஞானம் படித்தார், கற்பித்தார், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு துறவு, பாடசாலைகள், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். வாழ்நாளின் கடைசி வருடமான 1947இல் வெளிவந்த, பழந்தமிழர் யாழ் பற்றிய அவருடைய பெரிய ஆராய்ச்சியில் சுரங்களின் விகிதத்தை அவர் கணக்குப் போட்டுத்தான் கண்டார். அந்தக் கணக்கு விஞ்ஞானம் படித்த காலத்தில் வந்தது. ஆகவே நீங்கள் இப்போது உயிரியல் பிரிவில் இருந்தாலும், படித்தது வீணாகிவிட்டது என்று நினைத்து அழ வேண்டாம்.

15. "எல்லாரும் ஒரு பக்கம் நிக்கிற நேரம் நான் ஒருத்தி மட்டும் எப்பிடி வேற சொல்றது?"

கஷ்டம்தான். 1951இல் சொலமன் ஆஷ் செய்த சோதனையில், கண் முன்னால் இருக்கிற கோடுகளில் எது சம நீளம் என்று கேட்டார்கள். முன்னரே பேசி வைத்த ஆட்கள் எல்லாரும் பிழையாகச் சொல்ல, சோதிக்கப்பட்டவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்தப் பிழைக்கு ஒத்துப்போனார். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும், ஒத்துப்போவது முன்னைய அளவில் கால்வாசியாகக் குறைந்துவிட்டது.

ஆகவே கூட்டத்துக்கு முன்னர் ஒருவரையாவது பிடித்துக் கதையுங்கள். "எனக்கு இப்படிப் படுகிறது, உங்களுக்கு?" என்று கேளுங்கள். அநேகமாக அவருக்கும் அதே எண்ணம் இருக்கும். எழும்பும்போது, "இது பிழை" என்று தொடங்காமல், "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, விளங்கப்படுத்துங்க" என்று தொடங்கலாம். பெரியவர்களுக்கு மரியாதையும் போகாது, உங்கள் கேள்வியும் பதிவாகிவிடும்.

16. "கொழும்பில வேலை. எங்கட பேச்சக் கேட்டா சிரிக்கிறாங்க. மாத்திப் பேசினா நான் பொய்யா?"

இல்லை. அலுவலகத்தில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் பேசுவது எல்லாரும் செய்வது. எந்த ஊர் என்று கேட்டால் மறைக்கத் தொடங்குகிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

17. "திட்டத்துக்கு ஆள் காணாது எண்டு வராத ஆக்கள்ட பேரையும் எழுதச் சொல்றாங்க. குழுவுக்கு நல்லதுதானே? நான் மறுத்தா நான்தான் குழுவக் கெடுத்தவள் ஆகிருவன்."

என்னிடம் வந்த கேள்விகளில் மிகக் கஷ்டமானது இது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் எத்தனையோ உதவித் திட்டங்கள் வந்து போயின. பட்டியல், கையொப்பம், படம் எடுத்தல் எல்லாம் ஊருக்குப் பழகிவிட்டது. இல்லாத பெயரை எழுதுவது பெரிய விஷயம் இல்லை என்று ஆகிவிட்டது.

நான் எழுத வேண்டாம் என்றே சொல்வேன். தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இல்லாத பத்துப் பேரின் பெயரை எழுதிய நாளில் இருந்து, குழுவில் இருக்கிற எல்லாருக்கும் மற்ற எல்லாரையும் பற்றி ஒரு இரகசியம் தெரியும். அதற்குப் பிறகு கேள்வி 9இன் கொப்பியை யாரும் நம்ப மாட்டார்கள். "பெயரைக் கூட்டினவள் காசையும் கூட்டியிருப்பாள்" என்று ஒரு நாள் வரும். குழு உடைவது அன்றைக்கு.

மறுக்கிற முறையில் கவனம் வையுங்கள். கூட்டத்தில் யாரையும் கள்ளர் ஆக்காமல், வேறு வழியோடு போங்கள்: "பதினெட்டுப் பேர்தான் இருக்கிறம் எண்டு அலுவலரிட்டச் சொல்லிப் பாப்பம், பக்கத்துக் குழுவையும் சேத்துக் கேப்பம்." உண்மையான எண்ணிக்கையைச் சொன்னால் திட்டமே கிடையாது என்று நாங்களாக நினைத்துக்கொள்கிறோம். கேட்டுப் பார்த்தால் சில வேளை இடம் இருக்கிறது. இல்லாமல் போகவும் கூடும். அப்போது நட்டம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

18. "குழு நல்லாத்தான் போகுது. ஆனா எனக்குத் தனியாக் கடை போட ஆசை. விலகினா துரோகமா?"

துரோகம் இல்லை. வளர்ந்தவர் விலகுவது குழு ஒழுங்காக வேலை செய்ததற்கும் ஒரு அடையாளம். ஆனால் சொல்லாமல் விலகுவதும், குழுவின் வாடிக்கைக் கடைகளை முதலே பேசி எடுத்துக்கொண்டு விலகுவதும் மனிதரைப் பகையாக்கும்.

முடிவெடுத்தவுடன் முதலில் குழுவிடம் சொல்லுங்கள், மூன்று மாதத் தவணை கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலையை இன்னொருவருக்குப் பழக்குங்கள். அளவுகள், மிளகாய் வாங்குகிற இடம், கடைக்காரர்களின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சேமிப்பில் உங்கள் பங்கு, குழுக் கடனில் உங்கள் பங்கு இரண்டையும் கணக்குப் பார்த்து, எல்லார் முன்னாலும் வாசித்துக் கையொப்பம் வையுங்கள். எந்த ஊரில் நீங்கள் விற்பது, எந்த ஊரில் அவர்கள் விற்பது என்பதையும் அன்றைக்கே பேசி அதே தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி சங்கக் கோப்பில், ஒரு பிரதி உங்களிடம்.